தொலைதூர வானொலிக்கு எந்தக் கருவி? கையடக்க ரேடியோ, டாங்கிள், உயர்தர எஸ்டிஆர், பழைய ரிசீவர்: ஓர் ஒப்பீடு

தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் டிஎக்ஸிங்கில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய்க்குச் சிற்றலை ரேடியோ வாங்குவதா, அதில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்துக் கம்ப்யூட்டரில் செருகும் டாங்கிள் வாங்குவதா, இல்லை பணம் சேர்த்து நல்ல எஸ்டிஆராகவே (சமிக்ஞையைக் கம்ப்யூட்டர் மென்பொருள் பிரித்தெடுக்கும் ரிசீவர்) வாங்கிவிடுவதா?

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. நிலையங்கள் அவ்வளவு பலமாக ஒலிபரப்பின. எந்தப் பெட்டியிலும் கேட்டது. இப்போது நிலைமை வேறு. பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30உடன் முடிந்தது. ரேடியோ ஆஸ்திரேலியா அதே ஆண்டு ஜனவரியில் சிற்றலையை மூடியது. மணிலாவிலிருந்து தமிழில் பேசிய வேரித்தாஸ் வானொலி 2018இல் சிற்றலையிலிருந்து விலகியது. மிச்சமிருப்பது குறைவில்லை: சீன வானொலி, பிபிசி உலக சேவை, ருமேனியா, நியூசிலாந்து, மத்திய அலையில் டாக்காவின் 693 கிலோஹெர்ட்ஸ், இலங்கை புத்தளத்தின் 882, கடல் கடந்து வரும் பண்பலை நிலையங்கள். ஆனால் இவற்றில் பலவும் மெல்லிய சமிக்ஞைகள். நம் வீடுகளின் மின் இரைச்சலோ பல மடங்கு கூடிவிட்டது. எந்தக் கருவி நமக்கு ஏற்றது என்பதைக் கருவியின் விலையைவிட அந்த இரைச்சல்தான் தீர்மானிக்கிறது. அதனால் கடைக்குப் போகும் முன் வீட்டைச் சோதித்துப் பாருங்கள்.

## முதல் வேலை: வீட்டின் இரைச்சலை அளப்பது

பேட்டரியில் ஓடும் ஏதாவது ஒரு மத்திய அலை ரேடியோ போதும், பழையதாக இருந்தாலும் சரி. இரவு எட்டு மணிக்கு மேல், நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். உர்ர் என்ற சத்தம் எவ்வளவு என்று கவனித்துவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். அதுவே பெரிய குற்றவாளியாக இருக்கலாம்.

இதில் மூன்று விதமாக முடிவு வரும். மெயினை அணைத்ததும் சத்தம் அடங்கி, மறைந்திருந்த நிலையங்கள் எழுந்து வந்தால், இரைச்சல் உங்கள் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. எல்இடி விளக்கு, மொபைல் சார்ஜர், பிஎல்டிசி மின்விசிறி, டிவி, மோடத்தின் அடாப்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். சத்தம் பாதிதான் குறைந்தால் பக்கத்து வீடுகளும் பங்களிக்கின்றன. துளியும் குறையாவிட்டால் தெருவின் ஈபி லைனோ, அருகில் உள்ள சோலார் இன்வெர்ட்டரோ காரணமாக இருக்கலாம். அதை நீங்கள் சரிசெய்ய முடியாது. கருவியோடு நீங்கள்தான் வெளியே போக வேண்டும்.

இந்த முடிவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ஒப்பீட்டில் இது திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

- இரைச்சலிலிருந்து தப்பும் வழி: கருவியை வெளியே எடுத்துப் போக முடியுமா, அல்லது ஆன்டெனாவை மட்டுமாவது தள்ளி வைக்க முடியுமா.
- பக்கத்து பலமான நிலையம்: சென்னையில் இருப்பவருக்கு 720 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட். தூத்துக்குடிக்காரருக்கு 1053, அதுவும் 200 கிலோவாட். இந்தப் பலத்தின் அருகே கருவி செவிடாகாமல் இருக்க வேண்டும்.
- அலைவரிசை: மத்திய அலை, சிற்றலை, பண்பலை மூன்றும் வெவ்வேறு விளையாட்டுகள். மூன்றிலும் முதலிடம் பிடிக்கும் கருவி எதுவும் கிடையாது.
- நேரம்: நமக்குக் கிழக்கே உள்ள நாடுகள் முதலில் இருட்டுவதால், அந்தத் திசை மத்திய அலை நிலையங்கள் மாலை ஏழிலிருந்தே வரும். வளைகுடா, ஆப்பிரிக்கத் திசைக்கு அதிகாலை இரண்டு முதல் சூரிய உதயம் வரை. அப்போது விழித்திருக்க முடியாதவருக்குப் பதிவு செய்யும் வசதி முக்கியம்.
- சான்று: நிலையத்துக்கு அறிக்கை அனுப்பி க்யூஎஸ்எல் அட்டை (கேட்டதை நிலையம் உறுதிசெய்து அனுப்பும் அட்டை) பெற, துல்லியமான அலைவரிசையும் ஒலிப்பதிவும் வேண்டும்.
- மொத்தச் செலவு: பெட்டியின் விலையோடு கணக்கு முடிவதில்லை.

## கையடக்க சிற்றலை ரேடியோ

டெக்சன் பிஎல்-330, எக்ஸ்ஹெச்டேட்டா டி-808 போன்றவை இந்த வகை. எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை ஒலிபரப்பைக் கேட்கும் முறை) வசதியுள்ள மாடலாகவே வாங்குங்கள். அது இருந்தால் மெல்லிய நிலையத்தின் சுமப்பலையை (ஒலியைச் சுமந்து வரும் அடிப்படை அலை) சீழ்க்கை ஒலியாகக் கேட்டு, அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளலாம். பிஎல்-330இன் குறுகிய அலையகலம் (ஒரே நேரத்தில் உள்ளே விடும் அலைப் பரப்பு) 2.5 கிலோஹெர்ட்ஸ், அடுத்த நிலையத்தின் கசிவை வெட்ட இது அடிக்கடி கைகொடுக்கும்.

மத்திய அலையில் இதன் உண்மையான பலம் உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டுதான். தண்டின் பக்கவாட்டுத் திசை நன்றாகக் கேட்கும். அதன் முனை நோக்கும் திசை மங்கிப்போகும். ரேடியோவை மெல்லத் திருப்பினாலே, ஒரே அலைவரிசையில் மோதும் இரண்டு நிலையங்களில் ஒன்றை அமுக்கலாம். சென்னையின் நடுப்பகுதியிலிருந்து பாருங்கள்: 720இன் கோபுரம் ஆவடியில், மேற்கு-வடமேற்கில் இருக்கிறது. தண்டின் முனையை ஆவடிப் பக்கம் திருப்பினால் அதன் பக்கவாட்டு வடக்கு-வடகிழக்கை நோக்கும். 711இல் உள்ள சிலிகுரி ஏறக்குறைய அதே திசையில்தான் இருக்கிறது; 729இன் குவாஹாட்டி அதற்குச் சற்றுக் கிழக்கே. இந்தச் சுழற்றலைச் செய்ய மொட்டைமாடியில் வைத்த சாதாரணக் கம்பி ஆன்டெனாவால் முடியாது, எவ்வளவு விலையுயர்ந்த ரிசீவரில் இணைத்தாலும்.

இரைச்சலுக்கு இதன் பதில் மிக எளியது: எடுத்துக்கொண்டு வெளியே போய்விடலாம். வயல் வரப்பு, கடற்கரை, ஊருக்கு வெளியே குளக்கரை என ஈபி கம்பியிலிருந்து நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே வித்தியாசம் தெரியும். பிஎல்-330க்குப் பழைய நோக்கியா போனில் வந்த பிஎல்-5சி பேட்டரியே போதும். மொபைல் கடைகளில் கிடைக்கும்; இரண்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. டிஎஸ்பி (சமிக்ஞையை எண்களாக்கிக் கையாளும்) சிப் உள்ள பல மாடல்களில், சமிக்ஞை மெலிந்ததும் ஒலியைத் தானாகத் தாழ்த்தும் சாஃப்ட் மியூட் இருக்கும். டிஎக்ஸருக்கு வேண்டியதே அந்த மெல்லிய ஒலிதான் என்பதால் இது எரிச்சலூட்டும். அடுத்தது, நீளக் கம்பியை இணைத்தால் உள்சுற்று திணறும்: இரவில் பத்து மீட்டர் கம்பியைக் கொக்கிபோட்டால் எல்லா இடத்திலும் எல்லா நிலையமும் கேட்கத் தொடங்கும். ஐந்து முதல் ஏழு மீட்டர் மெல்லிய ஒயரோடு நிறுத்திக்கொண்டு, லோக்கல்–டிஎக்ஸ் சுவிட்ச் இருந்தால் இரவில் அதைப் பயன்படுத்துங்கள். வாங்கியதும் மத்திய அலைப் படி 9 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். 10 என்று இருந்தால் அது அமெரிக்க முறை. 711க்கும் 693க்கும் நேராக நிற்காது.

## ஆர்டிஎல் டாங்கிள்

டிஜிட்டல் டிவி பார்ப்பதற்காக வந்த யுஎஸ்பி குச்சிதான் இது. உள்ளே இருக்கும் ஆர்டிஎல்2832யு சிப்பிலிருந்து மூலத் தரவை நேரடியாக எடுக்க முடியும் என்று 2012இல் தெரியவந்தபின், பொழுதுபோக்காளர்களின் மலிவான ரிசீவராக மாறிவிட்டது. திரையில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அலைவரிசை நீர்வீழ்ச்சி போல ஓடும். எந்த நிலையம் எப்போது எழுகிறது, எப்போது மங்குகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கருவி இந்த விலையில் இல்லை.

பண்பலையில் இது விலைக்கு மீறி உழைக்கும். மென்பொருளில் அலையகலத்தை 80 முதல் 100 கிலோஹெர்ட்ஸாகக் குறுக்கலாம். உள்ளூர் நிலையத்துக்கு 200 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒளிந்திருக்கும் தூரத்து நிலையம் அப்போது தனியாகத் தெரியும். விலை குறைந்த கையடக்க ரேடியோக்களில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

மத்திய அலைக்கும் சிற்றலைக்கும் வந்தால் கதை மாறுகிறது. சிப்பின் எண்மாற்றி (சமிக்ஞையை எண்களாக மாற்றும் பகுதி) வெறும் 8 பிட். பலமான சமிக்ஞைக்கும் மெலிந்ததற்கும் இடையே சுமார் 50 டெசிபெல் இடைவெளியைத்தான் அது தாங்கும். பக்கத்தில் 200 கிலோவாட் நிலையம் இருக்கும்போது டாங்கிளில் தூரத்து நிலையம் தேடுவது, திருவிழா ஒலிபெருக்கியின் கீழே நின்றுகொண்டு எதிர்த்தெருக்காரரின் கிசுகிசுப்பைக் கேட்க முயல்வது போலத்தான். மத்திய அலையைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றை முன்னால் போட்டால் சிற்றலை தெளியும். ஆனால் உங்களுக்கு வேண்டியது மத்திய அலையேயானால் அந்த ஃபில்டரால் பயனில்லை.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் வி3 மாடலில் இன்னொரு சிக்கலும் உண்டு. 28.8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் நேரடியாக மாதிரி எடுப்பதால், 14.4க்கு மேலும் கீழும் உள்ளவை ஒன்றின்மேல் ஒன்று மடிகின்றன. 28.8இலிருந்து 15.1ஐக் கழித்தால் 13.7. ஆக 19 மீட்டர் அலைவரிசையின் தொடக்கமும் 22 மீட்டர் அலைவரிசையும் ஒன்றுக்கொன்று பிம்பமாக விழும். 13700 கிலோஹெர்ட்ஸில் புது நிலையம் பிடித்ததாக நினைத்து அறிக்கை எழுதும் முன் 15100ஐயும் சரிபாருங்கள். வி4 மாடலில் சிற்றலையை மேலே மாற்றும் சுற்று உள்ளேயே இருப்பதால் இந்த மடிப்பு இல்லை. சிற்றலை கேட்க எண்ணமிருந்தால் வி4ஐயே தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் போலிகள் சந்தையில் உண்டு.

விண்டோஸில் நிறுவும்போது பலர் தடுக்கி விழும் இடம் டிரைவர். வரிசை இதுதான்:

1. டாங்கிளைச் செருகுங்கள். விண்டோஸ் தானாகப் போடும் டிவி டிரைவரை நம்ப வேண்டாம்.
2. சாடிக் என்ற நிரலைத் திறந்து, எல்லாச் சாதனங்களையும் காட்டும்படி அதன் அமைப்பை மாற்றுங்கள்.
3. 'பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0' என்று வருவதைத் தேர்ந்தெடுங்கள். வேறொன்றைத் தேர்ந்தால் மவுஸோ கீபோர்டோ செயலிழக்கும்.
4. வின்யுஎஸ்பி டிரைவரை அதற்கு மாற்றுங்கள்.
5. எஸ்டிஆர் ஷார்ப் அல்லது எஸ்டிஆர் பிளஸ் பிளஸ் மென்பொருளில் திறந்து, வி3யானால் சிற்றலைக்கு 'க்யூ' கிளை நேரடி மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். வி4க்கு அது தேவையில்லை. ஆனால் புதிய டிரைவர் கோப்பு வேண்டும்.

பண்பலை கேட்கும்போதும், வி4இல் சிற்றலை கேட்கும்போதும் தானியங்கி கெயினை (சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) அணைத்துவிடுங்கள். ஆன்டெனாவைச் செருகும்போது திரையின் இரைச்சல் தரை (நிலையம் இல்லாத இடத்தில் தெரியும் இரைச்சல் மட்டம்) கொஞ்சமே உயரும் அளவுக்குக் கெயினை வைப்பதுதான் சரியான இடம். அதற்கு மேல் ஏற்றினால் புது நிலையங்கள் வருவது போலத் தோன்றும். அவற்றில் பெரும்பாலானவை பேய் நிலையங்கள், அதாவது கருவி திணறும்போது அதுவே உருவாக்கும் போலிகள்.

மறைந்த செலவு லேப்டாப்பிலிருந்து வருகிறது. சார்ஜர் செருகியிருந்தாலே சிற்றலையில் இரைச்சல் சீப்புப் பற்களைப் போல் வரிசையாக நிற்கும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். டாங்கிளை ஒன்றிரண்டு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைத்து, கேபிளில் ஃபெரைட் வளையம் போடுங்கள். டாங்கிள் சூடாவதும் இயல்பே. மூடிய பெட்டிக்குள் அடைக்க வேண்டாம்.

## உயர்தர எஸ்டிஆர்

எஸ்டிஆர்பிளே ஆர்எஸ்பி1ஏ, அதன் வழிவந்த ஆர்எஸ்பி1பி, ஏர்ஸ்பை ஹெச்எஃப் பிளஸ் டிஸ்கவரி ஆகியவை பொழுதுபோக்காளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. டாங்கிளில் கண்ட குறைகளில் பெரும்பகுதி இங்கே தீர்ந்துவிடும். ஆர்எஸ்பி வரிசை 14 பிட். மத்திய அலையையும் பண்பலையையும் தடுக்கும் ஃபில்டர்கள் உள்ளேயே இருக்கின்றன. ஹெச்எஃப் பிளஸ் பலமான நிலையங்களுக்கு நடுவே மிக அமைதியாக இருக்கும் கருவி. ஆனால் அது ஒரே நேரத்தில் காட்டும் அகலம் சுமார் 660 கிலோஹெர்ட்ஸ்தான்; 31க்கும் 60 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையே வேலை செய்யாது.

இந்த இரண்டில் தேர்வு செய்ய ஒரு கேள்வி போதும்: மத்திய அலை முழுவதையும் ஒரே வீச்சில் பதிவு செய்ய வேண்டுமா? 531 முதல் 1602 வரை ஒரு மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேல். ஆர்எஸ்பி அதை ஒரே பதிவில் அடக்கும்; ஹெச்எஃப் பிளஸ் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் பிடிக்கும். அதிகாலையில் நேரம் குறித்து மென்பொருளை ஓடவிட்டு, காலையில் காபியோடு உட்கார்ந்து ஒவ்வொரு அலைவரிசையாகத் திரும்பக் கேட்பது எஸ்டிஆர் தரும் பெரிய வரம். இரவில் கைநழுவிய அடையாள அறிவிப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.

எப்போது பதிவு செய்வது? நிலையங்கள் பெயர் சொல்வது பெரும்பாலும் அவரவர் மணி தொடங்கும்போது. நம் நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே இருப்பதால், வங்கதேசம், தாய்லாந்து, வளைகுடா நாடுகளில் முழு மணி அடிக்கும்போது நம் கடிகாரம் அரை மணியைக் காட்டும். இலங்கைக்கு நம் நேரமே. நேபாளத்துக்கு அது முக்கால் மணியில் வரும். ஆகவே அரை மணிக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து நிமிடம் பதிவு செய்தால், வெளிநாட்டு நிலையங்களில் பலவும் சிக்கும்.

செலவு வட்டில் தெரியும். நொடிக்கு 20 லட்சம் மாதிரி, 16 பிட் என்று வைத்தால் பத்து நிமிடத்துக்கு 4.8 ஜிபி, ஒரு மணிக்கு ஏறத்தாழ 29 ஜிபி. தனி ஹார்டு டிஸ்க் இல்லாமல் இரவு முழுக்கப் பதிவு செய்ய முடியாது. அதைவிடப் பெரிய மறைமுகச் செலவு ஆன்டெனா. இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய கருவியை ஜன்னலோரக் கம்பியில் இணைத்தால், வீட்டு இரைச்சலை மிகத் துல்லியமாகக் காட்டும், அவ்வளவுதான்.

## பழைய கம்யூனிகேஷன்ஸ் ரிசீவர்

யேசு எஃப்ஆர்ஜி-7, கென்வுட் ஆர்-1000, ஜேஆர்சி என்ஆர்டி-525, ஐகாம் ஐசி-ஆர்75 போன்றவை இன்னும் செகண்ட் ஹேண்டில் கைமாறுகின்றன. நல்ல நிலையில் இருந்தால், குமிழைத் திருகிக் கேட்கும் சுகத்துக்கு ஈடு இல்லை. கம்ப்யூட்டரின் இரைச்சலும் இல்லை. நீளக் கம்பி ஆன்டெனாவைக் கையடக்க ரேடியோவைவிடப் பல மடங்கு நன்றாகத் தாங்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: ஜப்பான் சந்தைக்கு வந்தது 100 வோல்ட், நம் 230இல் நேராகச் செருகினால் எரியும். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் முப்பது நாற்பது ஆண்டில் காய்ந்திருக்கும். நினைவக பேட்டரி கசிந்து போர்டைத் தின்றிருக்கலாம். ஐசி-ஆர்75 13.8 வோல்ட் டிசியில் ஓடுவதால் இந்தத் தலைவலி குறைவு. எடை காரணமாகக் கூரியர் செலவும் கணிசம். சால்டரிங் தெரிந்தவருக்கு இது நல்ல வாய்ப்பு. தெரியாதவர் முதல் கருவியாக இதை எடுக்க வேண்டாம்.

## இணையவழி ரிசீவர்கள்

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வெப்எஸ்டிஆர், உலகெங்கும் சிதறியுள்ள கிவிஎஸ்டிஆர் கருவிகள் ஆகியவற்றைச் செலவில்லாமல் பிரவுசரிலேயே கேட்கலாம். அவற்றில் கேட்டது உங்கள் ஆன்டெனா பிடித்தது ஆகாது. க்யூஎஸ்எல் அறிக்கையில் சொந்த வரவாக எழுதக் கூடாது. ஆனால் துணைக்கருவியாக மிகப் பெரிய உதவி. உங்கள் வீட்டில் மெல்லக் கேட்கும் குரல் எந்த நிலையம் என்று தெரியாதபோது, அந்த நாட்டருகே உள்ள ரிசீவரில் அதே அலைவரிசையைத் திறந்து, இரண்டிலும் ஒரே பாட்டு ஓடுகிறதா என்று ஒப்பிடலாம். எந்தக் கருவி வாங்கினாலும் இதையும் பழகிக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | கையடக்க ரேடியோ | ஆர்டிஎல் டாங்கிள் | உயர்தர எஸ்டிஆர் | பழைய ரிசீவர் |
|---|---|---|---|---|
| தோராய விலை | எட்டாயிரம் முதல் பதினைந்தாயிரம் | மூவாயிரம் முதல் ஐந்தாயிரம் | இருபதாயிரத்துக்கு மேல் | நிலையைப் பொறுத்தது |
| மத்திய அலை | நன்று, திருப்பி அமுக்கலாம் | பலமான நிலையம் அருகில் இருந்தால் மோசம் | மிக நன்று | மிக நன்று |
| சிற்றலை | நன்று | வி4 பரவாயில்லை | மிக நன்று | மிக நன்று |
| பண்பலை | சுமார் முதல் நன்று | நன்று | நன்று | பெரும்பாலும் இல்லை |
| வெளியே எடுத்துச் செல்ல | மிக எளிது | லேப்டாப் வேண்டும் | லேப்டாப் வேண்டும் | இயலாது |
| தூங்கும்போது பதிவு | ஒரு நிலையம் மட்டும் | முடியும் | முழு அலைவரிசையும் | ஒரு நிலையம் மட்டும் |
| மறைந்த செலவு | கூடுதல் பேட்டரி | ஃபில்டர், ஃபெரைட், கேபிள் | ஆன்டெனா, ஹார்டு டிஸ்க் | பழுது, மின்மாற்றி |

## ஆன்டெனாவுக்கு எவ்வளவு ஒதுக்குவது

டாங்கிளோ எஸ்டிஆரோ வாங்குகிறவர், கருவியின் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது இதற்கு வைத்துக்கொள்ள வேண்டும். மொட்டைமாடி இருந்தால் வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் 15 மீட்டர், ஒரு 9:1 பலூன் (கம்பியைக் கேபிளுக்குப் பொருத்தும் சிறு மின்மாற்றி), கேபிள் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிள் ஆகியவை போதும். கேபிள் 75 ஓம் என்பதால் வரவேற்புக்குக் கெடுதி ஏதும் இல்லை. பலூனைத் தானே சுற்றுபவர் எஃப்டி140-43 ஃபெரைட் வளையத்தில் மூன்று ஒயர்களைச் சேர்த்து ஒன்பது சுற்றுச் சுற்றலாம். பலூனின் பூமி முனையை வீட்டு எர்த்தில் இணைக்காதீர்கள். வீட்டு இரைச்சல் அதன் வழியே ஏறி வரும். மாடியிலிருந்து தனி ஒயர் இறக்கி, மண்ணில் ஒன்றரை மீட்டர் கம்பி அடித்து அதில் இணையுங்கள். ரிசீவர் பக்கம் கேபிளை ஃபெரைட் வளையத்தில் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றினால், கேபிளின் வெளிப்புறமாக வரும் இரைச்சல் தடைபடும்.

அடுக்குமாடியில் பால்கனி மட்டும் இருப்பவருக்குச் சிறிய லூப் (வளைய) ஆன்டெனா. மலிவான எம்எல்ஏ-30 பிளஸ் வகைக்கு யுஎஸ்பி மின்சாரம் வேண்டும்; சுவர் சார்ஜரில் கொடுத்தால் தடுக்க நினைத்த இரைச்சலையே உள்ளே விடுகிறீர்கள். பவர் பேங்கில் ஓட்டுங்கள். பெருக்கி இல்லாத யூலூப், ஹெச்எஃப் பிளஸ் போன்ற நுண்ணிய கருவிக்குப் பொருந்தும். டாங்கிளில் இணைத்தால் எதுவும் கேட்கவில்லை என்றே தோன்றும்.

சித்திரை, வைகாசி மாலை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி தொடங்கும் முன்பே கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். சுவிட்ச் அணைப்பது போதாது.

## தூரத்துத் தொலைக்காட்சியும் பண்பலையும்

1982இல் இலங்கை ரூபவாகினி தொடங்கியபின், தென் தமிழகக் கரையோரம் உயரக் குழாயில் ஆன்டெனாவும் பூஸ்டரும் வைத்து அதைப் பார்த்தவர்கள் ஏராளம். அந்தக் காலத்து ஆர்வத்தோடு இன்று டாங்கிள் வாங்க நினைப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தூர்தர்ஷன் தன் தரைவழி அனலாக் ஒளிபரப்பிகளைப் பெரும்பாலும் மூடிவிட்டது. சென்னை உள்ளிட்ட நகரங்களில் 2016இல் தொடங்கிய டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு டிவிபி-டி2 முறை. ஆர்டிஎல்2832யு சிப் புரிந்துகொள்வது அதற்கு முந்திய டிவிபி-டி மட்டுமே. படம் பார்க்க வேண்டுமென்றால் டி2 ட்யூனர் உள்ள டிவியோ செட்டாப் பெட்டியோதான் வழி. டாங்கிளில் தொலைக்காட்சிச் சமிக்ஞை வந்திருக்கிறதா என்பதைத் திரையில் பார்க்கலாமே தவிர, நிகழ்ச்சியைப் பார்க்க முடியாது.

பண்பலையில் கடல் நமக்குப் பெரிய துணை. வெயில் காலத்தில் அமைதியான இரவுகளிலும் விடியலிலும், கடல்மேல் ஈரக்காற்று அடுக்காகப் படிந்து, அலைகளைக் குழாய்க்குள் போல வளைத்துக் கொண்டுபோகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மும்பையில் இருந்த ரேடார் ஆயிரம் மைலுக்கு அப்பால் அரபுக் கரையைக் கண்டதும் இதே காரணத்தால்தான். ராமேஸ்வரம், வேதாரண்யம், தூத்துக்குடிப் பக்கம் இலங்கைப் பண்பலை நிலையங்கள் கேட்பது வழக்கமான காட்சி. இதற்குச் சாதாரண இருமுனை ஆன்டெனா போதும்: இரண்டு அலுமினியக் குழாய்கள், ஒவ்வொன்றும் 73 சென்டிமீட்டர், நடுவில் கேபிள். கிடையாகக் கட்டி, அகலப் பக்கம் இலங்கையை நோக்கட்டும். கரையோர உப்புக் காற்றில் இணைப்பு முனை சீக்கிரம் பச்சை பூக்கும். ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள்.

## எந்த நிலையில் எது

மெயினை அணைத்தும் இரைச்சல் குறையாத வீடு: கையடக்க ரேடியோ. வேறு எதை வாங்கினாலும் வீட்டுக்குள் இருக்கும்வரை பணம் வீண்.

வீட்டு இரைச்சலைக் கண்டுபிடித்து அணைக்க முடிகிறது, மொட்டைமாடியும் இருக்கிறது: பழகுவதற்கு டாங்கிள் வி4, ஓராண்டுக்குப் பிறகும் ஆர்வம் இருந்தால் ஆர்எஸ்பி. டாங்கிளை அப்போது விற்க வேண்டாம். பண்பலைக்கு அது தொடர்ந்து உதவும்.

பெரிய மத்திய அலை நிலையத்துக்கு அருகில் இருந்துகொண்டு மத்திய அலையிலேயே ஆர்வம்: டாங்கிளைத் தவிருங்கள். கையடக்க ரேடியோவின் தண்டைத் திருப்பிப் பழகுங்கள். காசு இருந்தால் ஹெச்எஃப் பிளஸோடு திருப்பக்கூடிய லூப்.

வேலை நேரம் காரணமாக இரவு விழிக்க முடியாதவர்: நேராக ஆர்எஸ்பியும் ஒரு ஹார்டு டிஸ்க்கும்.

கடற்கரை ஊர்களில் இருப்பவர்: டாங்கிளும் மேலே சொன்ன இருமுனை ஆன்டெனாவும். மாசியிலிருந்து வைகாசி வரை விடியற்காலை நான்கு முதல் ஏழு மணிக்குள் 88 முதல் 108 வரை ஒருமுறை ஓட்டிப் பதிவு செய்துவிட்டு, உள்ளூர் நிலையங்களைக் கழித்துப் பாருங்கள்.

வயதான பெற்றோருக்கோ பள்ளிப் பிள்ளைக்கோ வாங்கித் தருபவர்: கையடக்க ரேடியோ. சிற்றலை நேர அட்டவணை மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாறும். அந்த வாரம் அவர்களுக்குப் புதிய அட்டவணையை அச்செடுத்துக் கொடுங்கள்.